நாற்காலியில் உட்கார்ந்த பவர் சப்ளை

எங்கள் குடும்பத்தில் யாரும் உட்கார்ந்து சம்பாதித்ததில்லை. அம்மா நூல் மில்லில் எட்டு மணி நேரமும் நின்றபடி அறுந்த இழையை ஒட்டுவாள். முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஆகவே முதலில் உட்காரப் போகிறவளும் நான்தான். (இந்தத் திமிரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

தொண்ணூறுகளின் கடைசியில் பீளமேட்டு அலுவலகம் ஒன்றில் சர்வர் அறையை என்னிடம் ஒப்படைத்தார்கள். இரும்புச் சட்டத்தில் தட்டையாகப் படுத்திருக்கும் ஒரு கணினி, அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரே ஒரு சுழல் நாற்காலி. மேசைக்குக்கூட இடமில்லை.

"வெள்ளிக்கெழமை ஷிப்ட் முடிஞ்சு வாரேன் கண்ணு. நீ உக்காந்திருக்கறத ஒருக்கா பாக்கோணும்" என்றாள் அம்மா.

வெள்ளிக்கிழமை காலையில் சர்வருக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டி, அதாவது பவர் சப்ளை, புகைந்து செத்தது.

எங்கள் ஊரில் மோட்டாருக்கு உதிரிபாகம் வாங்கப் போகிறவர்கள் பழையதைக் கையோடு கொண்டுபோவார்கள். படித்தவள் அழுக்குப் பெட்டியைச் சுமப்பாளா? வாட், வோல்ட் எல்லாம் அழகாக எழுதிக்கொண்டு காந்திபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

"பழசக் கொண்டாரலீங்களா அம்மணி?" என்றார் கடைக்காரர்.

"எழுதிட்டு வந்திருக்கறனுங்க."

"உங்க கம்ப்யூட்டர் நிக்கறதுங்களா, படுத்திருக்கறதுங்களா?"

"எப்படி வெச்சாலும் முந்நூறு வாட் முந்நூறு வாட்தானுங்க" என்றேன், பாடம் நடத்துகிற குரலில்.

"செரிங்க" என்று கட்டிக் கொடுத்தார். (இதற்கு மேல் மரியாதையாக ஒருவரைக் கைவிட முடியாது.)

ஒயரெல்லாம் பொருந்தியது. உடம்பு பொருந்தவில்லை. படுத்திருக்கும் தட்டையான சர்வருக்குள், நிற்கிற கணினிக்கான அந்தத் தடித்த பெட்டி எப்படித் திருப்பினாலும் நுழையவில்லை.

மேலாளர் கோபிக்கவில்லை. "மெட்ராஸ்ல இருந்து சரியானது வர்ற வரைக்கும் வெளிய வெச்சே ஓட்டிப்போடு" என்றார்.

ஒயர் எட்டிய ஒரே உயரம் என் நாற்காலி. பெட்டியை அதில் வைத்து, உருளாமலிருக்கச் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தோம்.

மாலையில் அம்மா தலையெல்லாம் பஞ்சோடு வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்று பார்த்தாள். நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தேன்.

"ஏங்கண்ணு, உன்ற சேர்ல உக்காந்திருக்கறது ஆரு?"

மூன்று வாரம் கழித்துச் சரியானது வந்தது. நானும் உட்கார்ந்தேன். "மெட்ராஸ்ல இருந்து வந்துருச்சும்மா" என்று மறுபடி கூப்பிட்டபோது, "அதுதான் பாத்துட்டனே" என்று அம்மா சிரித்துவிட்டாள். அதன்பின் வரவேயில்லை. எத்தனையோ நல்ல நாற்காலிகள் பார்த்துவிட்டேன். ஆனாலும் கண்ணாடிக் கதவில் ஏதாவது நிழல் விழுந்தால் இன்றும் முதுகை நிமிர்த்தி உட்கார்கிறேன்.

வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்து நான் மட்டும் நின்றால், அம்மா பக்கத்து நாற்காலியைத் தட்டுவாள்.

"உக்காரு அம்மணி. மெட்ராஸ்ல இருந்து வந்துருச்சு."