குசுமா ஆன்ட்டியின் ஹோலை அழகாக்கிய கதை

சொந்த வீடு இல்லாதவர்களுக்குத்தான் வீட்டை அலங்கரிக்கும் ஆசை அதிகம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் ஆறு பேரோடு வளர்ந்த எனக்கு 'லிவிங் ரூம்' என்ற சொல்லைக் கேட்டாலே மயக்கம் வரும். (வாழ்வதற்கென்றே தனியாக ஓர் அறையாம். மற்ற அறைகளில் என்னதான் செய்வார்களோ.)

இரத்தினபுரியில் முதல் வேலை கிடைத்து, குசுமா ஆன்ட்டியின் பெண்கள் போர்டிங்கில் சேர்ந்தேன். நாங்கள் மூன்று பேர். நிவித்திகலப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நான்; கலவானையிலிருந்து வந்து மருந்துக்கடையில் வேலை பார்த்த ரம்ஸியா; கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்து கௌரி அக்கா. வீட்டின் நடுவில் பெரிய ஹோல், நான் மயங்கும் அதே லிவிங் ரூம். ஆன்ட்டி அதைப் பூட்டியே வைத்திருப்பார். நாங்கள் சாப்பிடுவதும் சண்டை போடுவதும் கட்டிலில்தான். என் தலையணையில் எப்போதும் ரம்ஸியாவின் பருப்புக்கறி மணக்கும்.

நாங்கள் நச்சரித்த நச்சரிப்பில் ஆன்ட்டி ஒருநாள் இறங்கி வந்தார். மகளைப் பார்க்க எம்பிலிப்பிட்டிய போவதாகவும், ஞாயிற்றுக்கிழமை திரும்புவதற்குள் ஹோலை அழகாக்கி வைக்கும்படியும் சொன்னார். பிடித்தால் எங்களுக்கு, பிடிக்காவிட்டால் மறுபடியும் பூட்டு. சாவி என் கைக்கு வந்தது.

திட்டக்குழுத் தலைவி நான். (யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.) யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரி வீட்டைப் பார்த்தேன். சுவர் வெள்ளை, திரை வெள்ளை, சீலிங்குக்குக் கீழே கயிற்றில் குட்டிக் குட்டி முக்கோண வெள்ளைக் கொடிகள். கௌரி அக்கா நீலம் கேட்டார். ரம்ஸியா பச்சை கேட்டாள். "வெள்ளதாங்க க்ளாஸ்" என்று இருவர் வாயையும் அடைத்தேன்.

துணிக்கடைக்கார நானா வெள்ளைத் துணியை அளக்கும்போது முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். கேட்காமலே விலையையும் குறைத்தார். என் முகராசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் சோபாவைத் தூக்கி முற்றத்தில் போட்டோம். சீலிங் பெயின்ட் தெறிக்காமல் இருக்க, சுவரிலிருந்த படங்களை முகம் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினோம். அந்தத் துணியில் வெட்டி, கஞ்சி போக அலசிய கொடிகள் ஈரமாக இருந்தன. இரத்தினபுரியில் மழை விட்ட நேரத்தை வீணாக்கலாமா? கேட்டிலிருந்து சின்ன ஒழுங்கைப் பாதையின் முனைவரை கயிறு கட்டிக் காயப்போட்டேன்.

சிங்கள ஊர்களில் மரணவீடு என்றால் பாதையில் வெள்ளைக் கொடி கட்டுவார்கள். வீட்டுப் படங்களைச் சுவர்ப்பக்கம் திருப்புவார்கள். எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் தோட்டத்தில் சாவு என்றால் முதலில் தப்பு மேளச் சத்தம் கேட்கும். சத்தமில்லாத சாவு என் மரமண்டையில் ஏறவேயில்லை. கௌரி அக்கா ஊருக்குப் புதிது. ரம்ஸியா வீட்டில் இறந்தவரின் மையத்துக்கு அலங்காரம் என்ற பேச்சே கிடையாது. ஆக, மூன்று பேர் இருந்தும் ஒரு மூளை வேலை செய்யவில்லை.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு மெனிக்கே நோனா. வேலியோரத்து ரம்புட்டான் மரம் யாருக்கு என்ற சண்டையில் ஆன்ட்டியோடு பல வருடமாகப் பேச்சில்லை. வெள்ளைச் சேலையில் வந்தவர், திருப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, முற்றத்து சோபாவில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். பெயின்ட் மணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

பிறகு மரண உதவிச் சங்கத்துக்காரர்கள் (யாரென்று அப்போது எனக்குத் தெரியாது) கூடாரமும் உட்காரக் கதிரைகளும் கொண்டுவந்தார்கள். அடடா, வீடு அழகாக்கக் கதிரை தரும் ஊரும் உண்டா என்று பூரித்துப்போய், எங்கே போடவேண்டும் என்று கைகாட்டினேன். எல்லாருக்கும் பிளேன்டீ வேறு கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஆன்ட்டி பஸ்ஸிலிருந்து இறங்கியிருக்கிறார். கொடியைப் பார்த்து யார் வீடு என்று விசாரிக்க, உங்கள் வீடுதான் என்று சொல்லியிருக்கிறார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"அனே, எந்தப் புள்ள? என் புள்ளைங்கள்ல எந்தப் புள்ள?"

அவரைக் கண்டதும் மெனிக்கே நோனா சோபாவோடு சாயப்போனார். ஆன்ட்டி எங்கள் மூன்று பேரின் கன்னத்தையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தூரிகையும் கையுமாக நின்ற நான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"யாரும் சாகல ஆன்ட்டி. இது டெக்கரேஷன்" என்றேன்.

ஆன்ட்டி என்னைப் பார்த்தார், கூடாரத்தைப் பார்த்தார், கடைசியாக மெனிக்கே நோனாவைப் பார்த்தார்.

"எனக்காகவா அழுத?"

"செத்துட்டன்னு நெனச்சேன்" என்று மெனிக்கே நோனா மூக்கைத் துடைத்தார். "மரத்த நீயே வச்சுக்கன்னு சொல்றதுக்குள்ள போயிட்டியேன்னு இருந்துச்சு."

ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் சங்கத்துக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார, தன் சாவுக்கு யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று ஆன்ட்டி விசாரிக்க ஆரம்பித்தார்.

சாவியை நானே நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வெள்ளையக் கழட்டிட்டு நீலம் அடிங்க. ஹோல் தெறந்தே இருக்கட்டும். இனி மெனிக்கே வந்தா உக்கார எடம் வேணும்ல."

கௌரி அக்கா உடனே நீல டின்னைத் திறந்தார். ஏற்கெனவே வாங்கி ஒளித்து வைத்திருந்திருக்கிறார்.

இப்போது எனக்குச் சொந்த வீடும் ஹோலும் உண்டு. ஆனால் திரைத்துணி வாங்கிக்கொண்டு எப்போது வாசலில் நுழைந்தாலும், என் கணவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்பது ஒன்றுதான்.

"மெனிக்கே நோனாவுக்குச் சொல்லியாச்சா?"