லாரி டயர் காற்றும் பள்ளிபாளையம் சிப்ஸும்

கோயமுத்தூரில் மாதச் சம்பளம் வாங்குகிறவனை யாரும் முழுசாக நம்புவதில்லை. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்ட கையோடு, "அப்புறம், சொந்தமா எப்பங்க ஆரம்பிக்கறீங்க?" என்று கேட்பார்கள். சம்பளம் என்பது சளி மாதிரி, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று ஊரே நினைக்கிறது. எனக்குக் கல்யாணமான புதிதில் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு ரோஷம் வந்துவிட்டது. ஆரம்பித்தே தீருவது என்று முடிவெடுத்தேன். எதை என்பதுதான் தெரியவில்லை.

அப்போது கணபதியில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். பம்பு எவ்வளவு அழுத்தம் தாங்குகிறது என்று மீட்டரைப் பார்த்துச் சொல்வதுதான் வேலை. (இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் வைத்துக்கொள்ளவில்லை.)

ஒரு சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மசாலா சிப்ஸ் தின்றுகொண்டிருந்தபோது ஞானம் பிறந்தது. வெறும் உப்பு போட்ட சிப்ஸ் என்றால் பாதியில் நிறுத்திவிடலாம். மசாலா தூவியதை நிறுத்த முடியாது. "இதோட போதும்" என்று சொல்லிக்கொண்டே கை உள்ளே போகும். சிப்ஸ் தீர்ந்த பிறகு விரலில் ஒட்டிய பொடி, அதற்கப்புறம் பாக்கெட்டின் மூலையில் கிடக்கும் பொடி. அதையும் கவிழ்த்து வாயில் தட்டிக்கொண்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்போம். மனுஷனை இவ்வளவு வெட்கங்கெட்டவனாக்கும் பண்டத்தை விற்றுத் தோற்றவன் உண்டா என்று தோன்றியது.

வடக்கத்தி மசாலாவும் வெளிநாட்டு வெங்காயமும் எதற்கு? சின்ன வெங்காயம், வரமிளகாய், கொஞ்சம் தேங்காய். கோழி இல்லாத பள்ளிபாளையம் சிக்கன். மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் வறுத்து, அரைத்து, உலர்த்தி, கடைசியில் அந்தப் பொடியைப் பிடித்துவிட்டேன். அதை நாக்கில் வைத்த அன்று என் மனைவி கவிதா உடனே இன்னொரு கை அள்ளினாள். அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா?

ஊட்டி மார்க்கெட் பக்கம் கவிதாவின் தாய்மாமாவுக்கு மளிகைக்கடை உண்டு. சாம்பிள் பிடித்திருந்தால் வாராவாரம் சரக்கு எடுப்பதாகச் சொன்னார். கவிதா ஒரு நிபந்தனை போட்டாள்.

"மாமா எடுத்துக்கறேன்னா கம்பெனிய உட்டுப்போடுங்க, நானும் கூட நின்னு வறுக்கறேன். வேண்டாம்னுட்டா யாவாரப் பேச்சே எடுக்கப்படாது. திங்கக்கெழம ஷிப்டுக்குப் போயிரோணும். செரிங்களா?"

"மாமா வேண்டாம்னு சொல்ல மாட்டாருங்க அம்மணி" என்றேன்.

பாக்கெட் விஷயத்தில் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. தொங்கிப்போன பாக்கெட்டை யாரும் எடுக்க மாட்டார்கள். தலையணை மாதிரி உப்பியிருந்தால்தான் கை தானாகப் போகும். பெரிய கம்பெனிக்காரர்கள் அதற்கென்று ஏதோ வாயு அடைக்கிறார்களாம். நான் தெருமுனைப் பஞ்சர் கடை கம்ப்ரஸரிலிருந்து ட்யூப் இழுத்து, ஒவ்வொரு பாக்கெட்டாகக் காற்று அடைத்து, சீலிங் மெஷினில் வாயை ஒட்டினேன். தட்டினால் தவில் மாதிரி சத்தம் வந்தது.

கவிதா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, சிப்ஸுக்கு லாரி டயர் காத்துங்களா?"

"காத்துல என்ன அம்மணி லாரிக் காத்து, சைக்கிள் காத்து?"

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி பஸ் ஏறி, அட்டைப்பெட்டியைத் தலைக்கு மேலிருந்த கம்பித்தட்டில் வைத்தேன். கல்லாறு தாண்டி வளைவுகள் ஆரம்பித்தன. பர்லியாறு வந்தபோது அண்ணாந்து பார்த்தேன். பெட்டியின் பக்கங்கள் பிதுங்கி, கட்டியிருந்த கயிறு விறைத்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா, எப்படி உப்பியிருக்குதுன்னு."

"ஊட்டுல இருந்தப்ப இவ்வளவு உப்பலீங்களே" என்றாள் கவிதா.

"நல்ல சரக்கு போகப் போகத்தான் தெரியும்."

அடுத்த வளைவில் 'டமார்' என்று ஒரு சத்தம். டிரைவர் ஓரங்கட்டி நிறுத்தினார். டயர் போய்விட்டது என்று கண்டக்டர் இறங்கினார், பாதி பஸ் இறங்கியது. நானும் இறங்கினேன். அழுத்தம் என்றால் நம் துறை அல்லவா? ஒவ்வொரு டயரையும் காலால் உதைத்து, காதைக் கிட்டே வைத்துக் கேட்டு, "காத்தெல்லாம் செரியாத்தானுங்க இருக்குது" என்று டிரைவரிடம் அறிக்கை கொடுத்தேன். அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். அந்த மரியாதை நான் படியேறும் வரை இருந்தது.

உள்ளே கால் வைத்ததும் பெட்டிக்குள் அடுத்தடுத்து மூன்று பாக்கெட்டுகள் வெடித்தன. கயிறு அறுந்து பெட்டி வாய் பிளந்தது. மிளகாய்ப் பொடி சிவப்புப் புகையாக இறங்க, பஸ் மொத்தமும் தும்மியது. எங்கள் முன் சீட்டில் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் குன்னூர் போய்க்கொண்டிருந்த பெரியவர், வெளுத்த வேட்டி சட்டையோடு ஏறியவர், இப்போது செங்கல் நிறத்தில் இருந்தார். சிப்ஸ் துண்டுகள் அவர் தோளிலும் சட்டைப் பையிலும் கிடந்தன.

வேறு ஊராக இருந்தால் அடித்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அதைவிட மோசமாக மரியாதை கொடுப்பார்கள். பெரியவர் ஆறு தும்மல் தும்மிவிட்டு மெதுவாகத் திரும்பினார். "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்தப் பொட்டி உங்குளுதுங்களா?"

எனக்கு அப்படியே பள்ளத்தில் குதித்துவிடலாம் போலிருந்தது.

"நீங்க எறங்கிக்கறீங்களா, பொட்டிய எறக்கிக்கறீங்களாங்க?" என்றார் கண்டக்டர்.

மலை ஏற ஏற வெளியே காற்றழுத்தம் குறையும், உள்ளே அடைத்த காற்று உப்பும் என்பது மீட்டர் பார்க்கிற எனக்கு உறைக்கும் முன் கவிதாவுக்கு உறைத்துவிட்டது. புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். பெட்டியை மடியில் வாங்கி, பாக்கெட் பாக்கெட்டாகக் குத்த ஆரம்பித்தாள். ஒவ்வொன்றும் 'புஸ்' என்று பெருமூச்சு விட்டது.

"குத்தாத அம்மணி, ஊட்டிப் பனிக்கு நமுத்துப்போயிரும். மாமாகிட்ட எதைக் காட்டறது?" என்று கெஞ்சினேன். அவள் இன்னொன்றைக் குத்தினாள்.

அந்த நேரத்தில்தான் பெரியவர் தோளில் கிடந்த துண்டு ஒன்றை எடுத்து, தட்டிவிடப் போனவர், என்ன நினைத்தாரோ, வாயில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். பிறகு கை சட்டைப் பைக்குள் போயிற்று. குன்னூர் வரும்வரை அந்தக் கை போய்ப் போய் வந்தது. கடைசியில் பையைப் பிதுக்கி, மூலையிலிருந்த பொடியைத் தொட்டு நக்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பினார். நான் பார்த்தேன். என் கண் கலங்கிவிட்டது, மிளகாய் பாதி, சந்தோஷம் பாதி. கவிதா குத்திய பாக்கெட்டுகளைப் பஸ் முழுக்கக் கொடுத்தாள். கண்டக்டர் இரண்டு வாங்கிக்கொண்டார்.

ஆனால் நான் விடவில்லை. அவள் பார்க்காதபோது ஒரே ஒரு பாக்கெட்டை எடுத்து ஸ்வெட்டருக்குள் ஒளித்துக்கொண்டேன். மாமாவிடம் முழு அழகோடு ஒன்றாவது போய்ச் சேர வேண்டும். ஊட்டியில் இறங்கியபோது நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

"வாங்க மாப்ள" என்றார் மாமா. நான் ஸ்வெட்டரைத் தூக்கிப் பாக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன். கவிதா, "மாமா, தொடாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள், எல்லாக் கடைக்காரர்களையும் போல அவர் அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தார்.

கடையிலேயே கிட்டத்தில் இருந்தது வாய் திறந்திருந்த சர்க்கரை மூட்டைதான். அதன் மேல் சிவப்பாகப் பனி பெய்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மீசையில் ஒட்டியிருந்ததைச் சுவைத்தார்.

"ருசி நெம்ப நல்லாருக்குதுங்க மாப்ள" என்றார். "ஆனா கொழந்தைங்க வந்து போற கடைங்க. யாவாரம் வேண்டாங்க. காபி குடிக்கறீங்களா? அடுத்த தடவை எது செஞ்சாலும் காத்தக் கொஞ்சம் கம்மியா அடைங்க."

திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனேன். மீட்டர் முள் என்னைப் பார்த்து ஆடியது. தோற்றது காற்றுதான், சிப்ஸ் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் இப்போதும் வறுக்கிறேன். மூடி போட்ட எவர்சில்வர் தூக்கில், ஒரு சொட்டு அழுத்தம் இல்லாமல். ஆனால் மாமா சொன்னது நாங்கள் மலையிறங்கும் முன்பே போனில் இறங்கிவிட்டது. சொந்தக்காரர் கல்யாணத்தில் நான் நாலு பேரிடம் கொஞ்சம் உயர்த்திப் பேசினால் போதும், பந்தியின் அந்தக் கடைசியிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்: "மாப்ள, காத்து ஏறுதுங்க."

இதை எழுதி முடித்துக் கவிதாவிடம் படித்துக் காட்டினேன். மசாலாப் பொடி அரைத்தபடியே முழுக்கக் கேட்டாள்.

"எல்லாம் செரியாத்தானுங்க இருக்குது" என்றாள். "கொஞ்சம் ஊக்கு எடுத்துட்டு வரட்டுங்களா?"

பயந்துபோய் நானே இரண்டு பத்தியைக் குறைத்துவிட்டேன். இது மிச்சம்.