இரு வரிசைக் கத்தரி

காலை ஏழு மணி பத்து நிமிடம். இரவு முழுதும் பெய்த மழை ஓய்ந்து, வெயில் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தது. மொட்டைமாடித் தொட்டியில் வாடிக் கிடந்த கத்தரிச்செடி ஒன்றைப் பிடுங்கிய தராசு ஆய்வாளரின் முகம் சுருங்கியது. வேர் முழுவதும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள் உள்ளே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

“எல்லாத் தொட்டியிலும் இதே மண்ணுதான். பேசாம காலி பண்ணுங்க. துணி காயப்போட எனக்கு இடமாவது கிடைக்கும்,” என்றாள் மனைவி.

“செண்டுப்பூச் செடியை வேரோட அரைச்சு, ஊறவெச்சு, சாறை ஊத்தினா புழு ஒழிஞ்சிடும்.”

“ஒழியலைன்னா?”

வாழ்நாளெல்லாம் கடைத்தராசுகளைச் சோதித்துவருபவர் அவர். இன்னொரு கடிகாரத்தோடு ஒப்பிடாமல் தம் கடிகாரத்தைக்கூட நம்பமாட்டார்.

“ஒரு வரிசைக்குச் சாறு. இன்னொண்ணுக்கு வெறும் தண்ணி. வித்தியாசம் தெரிஞ்சா மாடி முழுக்க எனக்கு. தெரியலைன்னா பாதி உனக்கு.”

“அந்தத் தண்ணி வரிசை என்னங்க பாவம் பண்ணுச்சு?”

“அது சோதனை. உனக்குப் புரியாது.”

“சரிங்க.”

இவ்வளவு எளிதில் அவள் ‘சரி’ சொன்னதுமே அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அவளுடைய மிக்ஸியிலேயே அரைத்து, வாளி வாளியாக ஊறவைத்து, தம் வரிசைக்குக் குழந்தைக்குப் பாலூட்டுவதுபோல் ஊற்றிவிட்டு நாள்தோறும் அலுவலகம் போனார்.

காய்ப்புக் காலம் வந்தது. வரிசைக்கு ஒரு செடியாகப் பிடுங்கினார். இரண்டிலும் புதுவேர்கள் முடிச்சில்லாமல் வெள்ளை வெளேரென்று இருந்தன. இரண்டு வரிசையிலும் காய்கள் போட்டி போட்டுக்கொண்டு தொங்கின.

ஆய்வாளர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “தண்ணிக்கே பிழைச்சிருக்கு. என் சாறு வெறும் சாக்கடை.” வாளியைக் கவிழ்க்கப் போனார்.

அந்த முகத்தை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. “கொட்டாதீங்க. அது நல்ல மருந்துதான்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“நீங்க ஆபீஸ் போனதும் அந்தத் தண்ணி வரிசைக்கும் நான்தான் சாறு ஊத்தினேன். பக்கத்துல நின்னுக்கிட்டு ஒண்ணை மட்டும் சாகவிட மனசு வரலை.”

அவர் துள்ளி எழுந்தார். “அப்போ ஜெயிச்சது நான்தான்.”

“மருந்து ஜெயிச்சுதுங்க. நீங்க போட்ட பந்தயம் என்ன? ரெண்டு வரிசையையும் பாருங்க. வித்தியாசம் தெரியுதா?”

அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

மறுநாள் காலை அவள் இரு வரிசைக்கும் சாறு ஊற்றிவிட்டு, பாதி மாடியை அளந்து துணிக்கொடி கட்டினாள். அவர் ஸ்டூலின்மேல் ஏறி நின்று, கொடி கோணாமல் இருக்கிறதா என்று மட்டம் பார்த்துச் சொன்னார்.