களவு போகாத பெட்டி

"நாலே நம்பருங்க. நேத்து வரைக்கும் நெஞ்சுலயே நின்னுச்சு," என்று சொல்லிக்கொண்டே பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் மோட்டார் மெக்கானிக் முருகானந்தம். பிக்கப் வண்டியின் பின்னால் இருந்த டூல்ஸ் பெட்டி திறப்பதாக இல்லை.

கோழிப்பண்ணை முதலாளி பாலசுந்தரத்துக்கு வியர்த்து ஊற்றியது. பங்குனி வெயில். மோட்டார் நின்று மேல்தொட்டி காலி.

"அத்தனை கோழியும் வாயப் பொளந்துட்டு நிக்குது. மத்தியானத்துக்குள்ள தண்ணி ஏறலீன்னா பாதி செத்துரும். உங்கள நம்பித்தான் வேற ஆளக் கூப்புடல. இன்னிக்குக் கைய விரிச்சீங்கன்னா, இனி இந்தப் பண்ணைப் பக்கமே வராதீங்க."

மோட்டாரைச் சரிசெய்ய முருகானந்தத்துக்கு நன்றாகவே தெரியும். சாமான்தான் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது.

போன மாதம் பழைய பெட்டி வண்டியிலிருந்து காணாமல் போனதால் வந்த வினை இது. அன்று ஊரில் இருக்கிற பண்ணைக்கெல்லாம் போயிருந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தார். பிடியில் பச்சை பெயின்ட் பூசி, பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்த ஸ்பேனர்கள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உலகத்தில் ஒருத்தன்கூட யோக்கியன் இல்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார்.

அதனால் புதுப் பெட்டியை லாரி பாடி கட்டும் பட்டறையில் வண்டியோடு சேர்த்து வெல்டிங் வைத்தார். அதுவும் போதாதென்று, தட்டினால் அலறுகிற அலாரம். சாவி என்றால் கள்ளச்சாவி போடுவார்கள் என்று நம்பர் பூட்டு. லீவுக்கு வந்த மகள் அபிநயா, "திருடனால கண்டுபுடிக்கவே முடியாத நம்பர் வெச்சிருக்கேம்ப்பா," என்று ஒரு தரம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பெண் சொன்னது பொய்யில்லை. அப்பனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

"பாப்பாவுக்குப் போனப் போடுங்க!" என்றார் பாலசுந்தரம்.

அந்த ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பிள்ளைகளோடு பேசலாம். இன்று செவ்வாய். தன் போனில் ரீசார்ஜ் தீர்ந்துபோயிருந்ததால், முருகானந்தம் பாலசுந்தரத்தின் போனிலிருந்து வார்டனைக் கூப்பிட்டார்.

"மேடம், அபிநயாவோட அப்பா பேசறனுங்க. அவகிட்ட ஒரு நாலு நம்பரு கேட்டுச் சொல்லுங்க, அவசரம்."

"நாலு நம்பரா? ஓடிபியா?"

"இல்லீங்க, பொட்டி தொறக்கறதுக்கு..."

"இப்ப ஸ்கூல் புள்ளைங்ககிட்டயே ஆரம்பிச்சுட்டீங்களா? இந்த நம்பரைப் போலீஸ்ல குடுக்கறேன் இருங்க!"

"என் நம்பருங்க அது!" என்று பதறினார் பாலசுந்தரம். அதற்குள் போன் வைக்கப்பட்டிருந்தது.

பட்டறைக்கு ஓட்டிப்போய் அறுத்து வரலாமென்றால் மதியம் தாண்டிவிடும். இங்கேயே அறுக்கலாமென்றால் பிளேடு பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. வேறு வழி தெரியாமல் முருகானந்தம் ஒரு கல்லை எடுத்துப் பூட்டின் மேல் ஓங்கிப் போட்டார்.

அலாரம் அலறியது. தாகத்தில் சோர்ந்து கிடந்த கோழிகள் மிரண்டுபோய் கூண்டுக்குள் எகிறின. அவற்றின் கூச்சலில் அலாரமே கேட்கவில்லை. முட்டைகள் உருண்டு விழுந்து உடைந்தன.

"அத நிறுத்துங்க மொதல்ல!"

"நிறுத்தற சுவிட்சும் உள்ளதானுங்க இருக்குது."

பாலசுந்தரம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். முருகானந்தத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு ஓடிவந்தார் பண்ணை வாட்ச்மேன் சென்றாயன். "என்ன சாமானுங்க வேணும்?"

"ஒரு ஸ்பேனரு, ஒரு கட்டிங் பிளேயரு. இப்ப எங்கீங்க போவேன்?"

சென்றாயன் தீவன ரூமுக்குள் ஓடினார். இரண்டையும் கொண்டுவந்து கையில் திணித்தார். எங்கிருந்து என்று கேட்க யாருக்கு நேரம்? முருகானந்தம் கருகிய ஒயரை வெட்டி மாட்டினார், போல்ட்டை முடுக்கினார். மோட்டார் உறுமியது. குழாயில் தண்ணீர் ஏறியது.

கோழிகள் குடிக்கத் தொடங்கின. அலாரமும் ஒருவழியாக ஓய்ந்தது. பாலசுந்தரத்தின் முகத்தில் சிரிப்பு வந்தது. "மோட்டாருக்கு எப்பவும் நீங்கதான் வரோணும். பொட்டிய மட்டும் ஊட்டுலயே வெச்சுட்டு வாங்க."

உயிர் திரும்பி வந்த நிம்மதியோடு ஸ்பேனரைத் துடைத்தார் முருகானந்தம். கிரீசுக்கு அடியில் பச்சை பெயின்ட் தெரிந்தது.

"அண்ணா... இது உங்களுக்கு எப்படிங்க கெடச்சுது?"

"போன மாசம் நீங்க வந்தப்ப தொறந்த வண்டியில பொட்டி அப்படியே கெடந்துச்சுங்க. எவனாவது களவாண்டுட்டுப் போயிருவானேன்னு, நீங்க மறுபடி வர்ற வரைக்கும் நாந்தானுங்க எடுத்துப் பத்திரமா பூட்டி வெச்சேன்!"