கண்ணை மூடச் சொன்ன நிமிடம்

அன்புள்ள மைத்துனருக்கு,

உன் அக்காவின் கணவர் எழுதுவது. நான் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். நம்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். உன் அக்கா நலமா என்று நான் கேட்கவில்லை. நீயாக எழுதினால் படிக்காமல் இருக்க மாட்டேன், அவ்வளவுதான்.

மாப்பிள்ளை, அவள் பெட்டியோடு உன் வீட்டுக்கு வந்து பதினாறு நாளாகிறது. நீ போனில் பேசியபோது, "அத்தான், ஒரு சினிமாவுக்காகவா இவ்வளவு? இனிமே நல்லதா நாலு சிரிப்புப் படம் போட்டுக் காட்டுங்க" என்றாய். நீ பல் வைத்தியன். அடுத்தவர் வாயைத் திறக்க வைப்பது உன் பிழைப்பு. அதை உன் அக்காவிடம் செய்யாதே என்பது என் முதல் வேண்டுகோள். இரண்டாவது, சினிமாவைப் பற்றி எனக்குச் சொல்லாதே. நான் எந்தப் பள்ளியிலும் அதைப் படிக்கவில்லை. பஸ் டிப்போவில் முப்பத்து நாலு வருஷம் டயர் பார்த்தவன். டயருக்குள் இருக்கும் விரிசல் வெளியே தெரியாது, தட்டிப் பார்த்தால் சத்தம் சொல்லும். நல்ல படமும் அப்படித்தான் மனுஷனைத் தட்டிப் பார்க்கும். உள்ளே விரிசல் இருப்பவன் எழுந்து ஓடுவான், இல்லாதவன் உட்கார்ந்திருப்பான். ஒரு குடும்பம் ஒரு வருஷம் முழுக்க வாய் பேசாமல் சாப்பிடும் படம், செத்துப்போன அப்பாவின் செருப்பை மகன் தேடிக்கொண்டே கிழவனாகும் படம், எல்லாம் பார்த்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதுதான் படம். பார்த்துவிட்டு வயிறாரச் சாப்பிட முடிந்தால் அது விளம்பரம்.

உன் அக்காவுக்குப் பயந்த சுபாவம் என்பது எனக்குத் தெரியாதா? அதற்குத்தான் ஒரு ஏற்பாடு வைத்திருந்தேன். எந்தப் படத்தையும் காலையில் நான் தனியாகப் பார்த்து, கொடூரமான இடம் எந்த நிமிடத்தில் வருகிறது, எதில் முடிகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். மதியம் அவளோடு உட்கார்ந்து, சரியாக அந்த நிமிடத்தில் "மூடு" என்பேன். கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு "திற" என்பேன். ஒன்பது வருஷத்தில் முன்னூறு படம் பார்த்தாள், ஒரு கத்தியைக்கூடக் கண்டதில்லை. எந்தப் புருஷன் இவ்வளவு செய்வான்?

இந்தத் தடவை தப்பு நடந்தது, என்னால் அல்ல. மூன்று நாட்டில் பரிசு வாங்கிய படம். எனக்குப் படம் தேடிக் கொடுக்கும் மருந்துக்கடைக்காரர் பென் டிரைவில் கொடுத்ததைக் காலையில் லேப்டாப்பில் பார்த்துக் குறித்தேன். மதியம் அவளுக்குப் பெரிதாகத் தெரியட்டுமே என்று டிவியில் அதே படத்தைத் தேடிப் போட்டேன். அது இயக்குநர் ஆசைப்பட்டு மறுபடி நீட்டிய பிரதி. ஆரம்பத்திலேயே பதினோரு நிமிடம் கூட. எனக்கு எப்படித் தெரியும்? ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் "மூடு" என்றேன். திரையில் ஒருவன் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். சந்தேகம் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நோட்டில் எழுதியதை நான் மாற்றுவதில்லை. அவள் நாலு நிமிடம் கண்ணை இறுக்கி மூடி, ஒருவன் ஒழுங்காகக் கிழங்கு உரிப்பதைப் பார்க்காமல் பயந்துகொண்டிருந்தாள். பிறகு "திற" என்றேன். இனி பயமில்லை என்று அவளும் முழுக் கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டாள். ஏழு நிமிடம் கழித்து அந்த இடம் வந்தது.

கத்தி, ரத்தம் எதுவும் இல்லை. மனைவி வீட்டு நடையில் விழுந்து கிடப்பாள், கூப்பிடுவாள். புருஷன் உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பான். நிகழ்ச்சி முடிந்ததும் எழுந்து, அவளைத் தாண்டிப் போய்ச் சட்டையை மாட்டிக்கொள்வான். உன் அக்கா என் பக்கம் திரும்பினாள். "நான் பாத்ரூம்ல விழுந்தப்பவும் இப்படித்தானே இருந்தீங்க?" என்றாள். நான் நல்லெண்ணத்தோடு, "அதை விடு, இந்த இடத்துல கேமரா அசையவே இல்ல பாத்தியா? அதுக்குத்தான் பரிசு" என்றேன். அவள் டிவியை அணைத்தாள். "நாப்பத்தோரு வருஷமா நானுந்தான் அசையாம இருந்தேன். எனக்கு எவன் குடுத்தான் பரிசு?" என்றாள். பெட்டியை எடுத்தாள். படம் இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி.

பாத்ரூம் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாசத்துக்கு முன் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது உண்மை. "மூணு தடவை கூப்பிட்டாங்களாமே அத்தான்" என்று நீ போனில் இழுத்தாய். அப்போது நான் ஒரு படத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்தேன். படத்தின் சத்தத்தில் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் ஓடியிருக்க மாட்டேனா? படம் முடிந்து போனேன், தூக்கினேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன், கட்டுப் பிரிக்கும்வரை தலை வாரிவிட்டேன். கோணல் வகிடு என்றாள், அதையும் பொறுத்தேன். காது கேட்காதது குற்றமென்றால் என்னைத் தூக்கில் போடட்டும்.

இங்கே ஒரு குறையும் இல்லை. சோறு ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் விறைக்கிறது. முந்தாநாள் தனியே படம் பார்க்கும்போது பழக்கதோஷத்தில் "மூடு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் வாசலில் நின்று, "இன்னும் திறக்கவே இல்லையே சார்" என்றார். அவளுடைய நாற்காலியில் துணி குவிந்து கிடக்கிறது. மடிக்கத் தெரியாதென்றில்லை, மடிக்கவில்லை.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். நான் வந்து கூப்பிட மாட்டேன். மன்னிப்புக் கேட்க என்னிடம் தப்பு எதுவும் இல்லை. அவளாக வந்தால் கதவு பூட்டியிருக்காது. இதை அப்படியே அவளுக்குப் படித்துக் காட்டு, நடுவில் உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே.

பிள்ளைகளுக்கு ஆசி. உன் மனைவிக்கு என் விசாரிப்பு. உன்னிடம் பல் பிடுங்கிக்கொள்பவர்கள் அனைவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டுவிட்டேன், ஒட்ட மனசு வரவில்லை. அவள் விழுந்த அன்று ஓடிய படத்தில் கடைசி ஒன்பது நிமிடத்துக்குச் சத்தமே கிடையாது. பனி மட்டும் பெய்துகொண்டிருக்கும். அவள் கூப்பிட்டது மூன்று தடவை இல்லை, நாலு தடவை. முன் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை மட்டும் அவள் கையில் கொடு. நீ படித்துக் காட்ட வேண்டாம்.