முழுமைபெறாத எருமை

ஒரு மாவட்டத்தை இரண்டாகப் பிரிப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. ஏரியைப் பிரிக்க வேண்டும், மலையைப் பிரிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக நாற்காலிகளைப் பிரிக்க வேண்டும். சித்தூரிலிருந்து திருப்பதியைத் தனியாக எடுத்தபோது நாற்காலிகளை மட்டும் ஒன்று விடாமல் எண்ணிப் பிரித்துக்கொண்டார்கள். எருமைகளை யாரும் கவனிக்கவில்லை. எருமைகள் கம்ப்யூட்டருக்குள் இருந்தன.

புத்தூர் பக்கத்து தேவசேனாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது மல்லி ஒன்றுதான். அவளிடம் இருந்த ஒரே எருமை அது. அதன் பாலைச் சென்டருக்கு ஊற்றித்தான் வீட்டில் உலை வைத்தாள். அப்படியிருக்க, ஒருநாள் காலை பால் சென்டரில் உட்கார்ந்திருந்த கலைவாணி, மல்லியின் காதில் மாட்டிய அட்டை நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, கேனைத் திருப்பித் தள்ளினாள்.

“எடுத்துக்கினு போக்கா. உன் எருமைக்குப் பால் குடுக்கத் தெரியாதாம்.”

“அப்ப இது இன்னாடி?”

“பார்த்தா பாலு மாதிரிதான் கீது. ஆனா கம்ப்யூட்டர் ஒத்துக்கல.”

அன்றைய பாலைத் தயிராக்கி, மோராக்கி, தெருவுக்கெல்லாம் ஊற்றினாள். மறுநாளும் அதே கதை. தெருவே மோர் குடித்துத் தும்ம ஆரம்பித்த பிறகு, இனி பொறுப்பதில்லை என்று திருப்பதிக்கு பஸ் ஏறினாள்.

‘ஒருங்கிணைந்த கால்நடை உருப்படி மீட்பகம்’ என்று பலகை மாட்டியிருந்த அந்த அலுவலகத்தின் துணை இயக்குநர் (பொறுப்பு) நாகபூஷணம். நல்ல மனிதர். அதுதான் சங்கடம், கெட்ட மனிதராயிருந்தால் திட்டிவிட்டாவது வரலாம்.

“பாரும்மா, உங்க எருமை பத்திரமா இருக்கு,” என்றார். “பேரு இருக்கு, நிறம் இருக்கு, கொம்பு ரெண்டும் இருக்கு. ஆனா அது எதுவும் செய்யாது.”

“செய்யாதுன்னா?”

“கறக்காது, துன்னாது, கத்தாது. முழுமைபெறாத பொருள்னு மிஷினே சொல்லிடுச்சு.”

“சார், இன்னிக்கிக் காத்தால கூட அது என்னை ஒதைச்சுது!”

“அனுமதியில்லாம உதைச்சிருக்கு,” என்றார் நாகபூஷணம், மிகுந்த வருத்தத்தோடு.

மூலையில் இருந்த காண்டிராக்ட் புரோகிராமர் உதயாதான் விஷயத்தை விளக்கினாள். சித்தூர் காலத்தில் எருமைகளையெல்லாம் பி.எச்.பி. என்கிற கம்ப்யூட்டர் மொழியில், புடவையை மடிப்பது போல ஒரே வரியாக மடித்து டேட்டாபேஸில் வைத்திருந்தார்கள். மடிப்புக்குள் எருமையிடம் இருப்பது மட்டும்தான் இருக்கும். எருமை செய்வது எல்லாம் வேறொரு ஃபைலில் இருக்கும். அந்த ஃபைலை முதலில் ஏற்றிக்கொண்டு மடிப்பைப் பிரித்தால் முழு எருமை வரும். ஏற்றாமல் பிரித்தால் கொம்பும் நிறமும்தான் வரும்.

“அந்த ஃபைலை ஏத்த வேண்டியதுதானே?”

“ஃபைல் சித்தூர்லயே நின்னுபோச்சு அக்கா.”

சித்தூருக்கு எழுதினார்கள். ‘எருமைகள் தங்கள் மாவட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது உண்மையே; எனினும் அவற்றின் செயல்பாடுகள் இம்மாவட்டத்தின் உடைமையாகவே நீடிக்கின்றன’ என்று பதில் வந்தது. நாகபூஷணம் அதைப் படித்துவிட்டு, நல்ல நடை என்று பாராட்டினார்.

இதற்கிடையில் மல்லி கயிற்றை அறுத்துக்கொண்டு, தேவசேனாவின் கொல்லைக்குப் பக்கத்துக் கொல்லைக்காரன் பச்சையப்பனின் வேர்க்கடலையில் இறங்கி, வயிறு முட்ட மேய்ந்துவிட்டு வந்தது. அவன் புகார் கொடுத்தான். புகார் சுற்றிச் சுற்றி மீட்பகத்துக்கே வந்து சேர்ந்தது. உண்ணும் செயல் அற்ற எருமை உண்டதாகக் கூறுவது ஏற்கத்தக்கதல்ல என்றும், பயிர் தானாகவே காணாமற்போயிருக்க வாய்ப்புண்டு என்றும் அவனுக்குத் தெரிவிக்கப்பட்டது. தேவசேனாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மல்லிக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

கடைசியில் சித்தூர் மனமிரங்கி ஃபைலை அனுப்பியது. தேவசேனாவை வரவழைத்து, அவள் கண்ணெதிரே ஏற்றப் போனாள் உதயா.

“இதை ஏத்திட்டா உங்க எருமை எல்லாம் செய்யும் அக்கா.”

தேவசேனா சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எல்லாமேவா? துன்றதுமா?”

“எல்லாந்தான்.”

“வேணாம் கண்ணு. பால் குடுக்கறதை மட்டும் ஏத்து. துன்றது இப்பிடியே இருக்கட்டும்.”

“முடியும்க்கா. கறக்கறதை மட்டும் வெச்சு சின்னதா ஒரு ஃபைல் நானே எழுதிடுவேன். ஆனா துன்னாம எப்படி…”

நாகபூஷணம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். பணியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அப்படி எழுந்ததே இல்லை. “துன்னாம கறக்கற எருமை! இத்தனை வருஷமா அரசாங்கம் தேடறது இதைத்தானேம்மா!”

மாலைக்குள் ஆணை தயாரானது. ‘மேற்படி எருமையானது உண்ணும் செயலின்றியே கறக்கும் செயலை ஆற்றவல்லதென இதன்மூலம் ஆணையிடப்படுகிறது.’ மறுநாள் கலைவாணி மறுபேச்சில்லாமல் பாலை வாங்கிக்கொண்டாள். தேவசேனாவுக்குச் சால்வை போர்த்தி போட்டோ எடுத்தார்கள். ஊரே கை தட்டியது. பச்சையப்பன் மட்டும் தட்டவில்லை, யோசித்துக்கொண்டிருந்தான்.

ஆணைக்கு இரண்டாவது பத்தி ஒன்று உண்டு என்பது, மாதாமாதம் வரும் மானியத் தீவன லாரி அவளுக்கு மட்டும் மூட்டை இறக்காமல் போனபோதுதான் தெரிந்தது. துன்னாத எருமைக்குத் தீவனம் தேவையில்லை என்று மல்லியின் பங்கை நிறுத்திவிட்டார்கள். விண்ணப்பிக்கும் எருமைக்கெல்லாம் இந்தச் சலுகை விரிவாக்கப்படும் என்றும் அதிலேயே இருந்தது.

வயிறெரிந்துபோய்த் தேவசேனா திருப்பதிக்கு ஓடினாள். மீட்பகத்து வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. அத்தனை பேரும் அவள் ஊர்க்காரர்கள். முதல் ஆளாகப் பச்சையப்பன்.

“நீ இங்க இன்னா பண்ற?”

“உன் எருமைக்கு மட்டுந்தான் துன்னத் தெரியாதா? என்னுதுக்கும் தெரியக்கூடாதுன்னு எழுதிக் குடுக்க வந்துகீறேன்.”

“கூறு கெட்டவனே, தீவனத்தை நிறுத்திடுவாங்கடா! அப்புறம் மாட்டுக்கு இன்னாத்தைப் போடுவே?”

பச்சையப்பன் அவளை நிதானமாகப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் வரிசை முழுக்க அவளைப் பார்த்தது.

“அதான் உன் கொல்லை கீதே.”