வீட்டுக்கு நாலு செடி

மொட்டை மாடியில் கஞ்சா வளர்ப்பது என்று முடிவு செய்தேன். பதறாதீர்கள். இது மால்டா. பதினெட்டு தாண்டியவர்கள் வளர்க்கலாம். வீட்டுக்கு நாலு செடி, தெருவிலிருந்து தெரியக் கூடாது. எனக்கு வயது அறுபத்தொன்று. தனியாளாகவே மூன்று பேருக்கான தகுதி என்னிடம் இருக்கிறது.

காரணம் தூக்கம். இரண்டு வருஷமாக வரவில்லை. அதைவிடப் பெரிய காரணம், ஊரே பேசுகிற அந்தச் சங்கதியில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒரே ஒரு தரம் பார்க்காவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

தடை ஒன்றுதான். பெயர் ஃபிலுமேனா. என் மனைவி. ஆகவே தண்ணீர் டாங்குக்குப் பின்னால் நாலு தொட்டி வைத்து, புது ரகத் தக்காளி என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் வந்தது. எங்கள் ஊர்த் தேவாலயத்தில் கத்தரீனம்மாள் திருவிழா. வாணவேடிக்கை பார்க்க அவள் பிறந்த வீட்டுப் பட்டாளம் முழுக்க எங்கள் மாடிக்குத்தான் வரும். மாடி பெருக்கப் போனவள் துடைப்பத்தோடு என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, தக்காளி பூக்கவே இல்லியே?"

"அது லேட்டா பூக்கும்."

"இலைக்கு ஏழு விரல் இருக்கு."

"வெளிநாட்டு ரகம்டி."

"நார்டு!"

அவள் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்குப் பொய் வராது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, துடைப்பம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அட, இதுக்கா இவ்வளவு? நானே பின்ரூம்ல நாலு வச்சிருக்கேனே!"

"நீயா?"

"ஏன், எனக்கு முட்டி வலிக்காதா? லைட்டெல்லாம் போட்டு, பூட்டி வச்சிருக்கேன். பேரப்பசங்க வர்ற வீடாச்சே. ஆமா, வீட்டுக்கு எத்தனை செடின்னு சட்டம்?"

"நாலு."

"நாலும் நாலும்?"

எட்டு. நான் சட்டத்துக்குப் பயந்தவன். என் செல்வங்கள் நாலையும் வேரோடு பிடுங்கி, நறுக்கி, எருத் தொட்டியில் போட்டேன்.

"உன்னோடதுல ஒரு இழுப்பாவது குடு தாயே."

"தாராளமா. முதல் தடவை, கொஞ்சூண்டுதான். இன்னிக்கு ஒயின் குடிச்சீங்களா?"

"ரெண்டே கிளாஸ். அது சாப்பாட்டுல சேர்த்தி."

"ரெண்டையும் கலக்கவே கூடாதுங்க. தலை சுத்தி விழுந்தா யார் தூக்குறது?"

மறுநாள் ஒயினைத் தொடவில்லை. "சாயங்காலம் கார் ஓட்டணுமே, அதெப்படி?" என்றாள். அதற்கு மறுநாள், "பிரஷர் மாத்திரை போடுறீங்க, டாக்டரைக் கேட்டீங்களா?" என்றாள். ஓடினேன். டாக்டர், ஒரு மாதம் ஒயினை விட்டுவிட்டு வா, பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

விட்டேன் ஐயா, விட்டேன். முயல் கறிக்கு முன்னால் பச்சைத் தண்ணீரோடு உட்கார்ந்தேன். மச்சான்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தினமும் ஆசையாக, "பூ விட்டுச்சா? வாசனை எப்படி?" என்று கேட்பேன். "வரும், வரும்" என்பாள்.

மாதம் முடிந்தது. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். பிரஷர் இறங்கிவிட்டதாம். வேண்டுமானால் வீட்டிலேயே, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, கொஞ்சமாகப் பார் என்றார். ஆசை அவசரத்தில், பத்து நாளாக நான் நன்றாகத் தூங்குவதைக்கூட கவனிக்கவில்லை.

"சாவி!" என்றேன். கொடுத்தாள். திறந்தேன். இஸ்திரி மேஜை. தையல் மிஷின். ஒரு புல் பூண்டு கிடையாது.

"செடி எங்கேடி?"

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்? ஒயினை விடுங்க, விடுங்கன்னு முப்பது வருஷம் கத்தினேன். கேட்டீங்களா?"

"பாவி! அப்ப என் நாலு செடி?"

"திரும்பப் போடுங்க, யார் வேண்டாம்னா? நானே தண்ணி ஊத்துறேன். அதுல என்னதான் இருக்குன்னு எனக்கும்தான் பார்க்கணும்." விதைப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "பூக்க நாலு மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் ஒயின் கிடையாது."